நாய் நன்றியுள்ளது, நாம்?

தமிழ்ப்பள்ளியில் கட்டுரை எழுதப் பழகும் மாணவர் ஒவ்வொருவரும் 'நாய் நன்றியுள்ள பிராணி' என்னும் தொடரை ஒருமுறையேனும் எழுதியிருப்பார். ஆசிரியர்களாகிய நாமும் அத்தொடருக்குச் சிவப்பு மையால் சரி போட்டிருப்போம். அதே மாணவர் பள்ளி விட்டு வீடு திரும்பும் வழியில் சாலையோரம் படுத்திருக்கும் நாயின் மீது கல்லெறிந்தால், உடன் செல்லும் பெரியவர்களில் எத்தனை பேர் தடுக்கிறோம்? ஏட்டில் ஒன்றும் நடப்பில் ஒன்றுமாக இருக்கும் இந்த நிலையைப் பற்றி ஆசிரிய நண்பர்களோடும் பெற்றோர்களோடும் சில கருத்துகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நாயை இழிவாகக் கருதும் வழக்கு நம் பேச்சில் ஆழமாக வேரூன்றிக் கிடக்கிறது. ஒருவரை வையவேண்டுமென்றால் முதலில் வாயில் வருவது நாயின் பெயர்தான். ஆனால் நம் இலக்கியமும் சமயமும் காட்டுவது வேறு. பாகனையே கொல்லும் யானையையும், தன்மேல் வேலெறிந்த தலைவனைக் கண்டும் வாலைக் குழைக்கும் நாயையும் ஒப்பிட்டு, நாய் போன்றவர்களின் நட்பையே நாடவேண்டும் என்று நாலடியார் அறிவுறுத்துகிறது. பைரவருக்கு நாயே ஊர்தி. மகாபாரதத்தின் முடிவில், தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுத்தான் விண்ணுலகம் புகவேண்டுமென்றால் அந்த விண்ணுலகமே வேண்டாம் என்கிறார் தருமர். இவற்றையெல்லாம் கோயில் சொற்பொழிவுகளில் கேட்டுத் தலையசைக்கும் நாம், வீட்டில் பிறந்த குட்டிகளைப் பெட்டியிலிட்டுச் சந்தையோரத்தில் வைத்துவிட்டு வருவது எவ்வகையில் பொருந்தும்?

பினாங்கு கண்ட பாடம்

இது வெறும் இரக்கம் பற்றிய பேச்சு என எண்ணிவிடவேண்டாம். 2012ஆம் ஆண்டில் வெறிநாய்க்கடி நோயற்ற நாடாக மலேசியா அறிவிக்கப்பட்டது. ஆனால் 2015இல் அந்நோய் பெர்லிசில் மீண்டும் தலைகாட்டி, கெடாவுக்கும் பினாங்குக்கும் பரவியது. அவ்வாண்டு செப்டம்பரில் பினாங்கு மாநில அரசு தெருநாய்களைக் கொல்ல முடிவெடுத்தது. விலங்குநல அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. ஒரு பக்கம் பிள்ளைகளின் பாதுகாப்பை எண்ணி அஞ்சிய பெற்றோர். மறுபக்கம் நோயே இல்லாத நாய்களும் பிடிபட்டுச் சாவதைக் கண்டு கலங்கியவர்கள். இரு தரப்பினரின் உணர்வும் நியாயமானதே.

ஆனால், அந்நிலை ஏன் வந்தது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். வெறிநாய்க்கடி நோயைத் தடுக்க ஒரு வட்டாரத்திலுள்ள நாய்களில் குறைந்தது 70 விழுக்காட்டிற்குத் தடுப்பூசி போடவேண்டும் என்பதும், கொன்று குவிப்பதால் மட்டும் நோய் ஒழியாது என்பதும் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உரிமையாளரற்ற நாய்கள் பெருகிக் கிடக்கும் ஊரில் அந்த 70 விழுக்காட்டை எட்டுவது கடினம். தெருவில் விடப்படும் ஒவ்வொரு குட்டியும் அந்தக் கடினத்தை மேலும் கூட்டுகிறது. 2017இல் சரவாக்கில் இந்நோய் பரவியபோது முதலில் உயிரிழந்தவர்கள் சிறுவர்கள். உலகளவிலும் இந்நோய்க்குப் பலியாவோரில் பத்தில் நால்வர் 15 வயதுக்குட்பட்டவர்கள். ஆகவே, நாய்களைப் பேணுவதும் பிள்ளைகளைக் காப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று கருத இடமில்லை.

நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் இயற்றப்பட்டு 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. விலங்குகளைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை தண்டம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. தன் பொறுப்பிலுள்ள விலங்கின் தேவைகளை நிறைவேற்றுவது உரிமையாளரின் கடமை என்றும் அது வகுத்துள்ளது. இச்செய்தி நம் பெற்றோரில் பலருக்குச் சென்று சேரவில்லை.

காப்பகம் அள்ள அள்ளக் குறையாத பாத்திரமன்று

'தெருவில் விட்டால்தானே தவறு, காப்பகத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாமே' என்று சிலர் கேட்கலாம். பினாங்குத் தீவில் ஜெலுத்தோங்கில் இயங்கும் விலங்குவதைத் தடுப்புச் சங்கமும், தீவிலும் பெருநிலத்திலும் தன்னார்வலர்கள் நடத்தும் காப்பகங்களும் நன்கொடையை நம்பியே வாழ்பவை. இடமும் கூண்டும் ஆளும் வரம்புக்கு உட்பட்டவை. ஒரு நாய் தத்தெடுக்கப்பட்டு வெளியேறினால்தான் இன்னொன்றுக்கு இடம் கிடைக்கும்.

கணக்குப் பாடமாகவே இதைச் சொல்லலாம். பெண்நாய் ஏறத்தாழ ஆறு மாதத்திலிருந்தே கருத்தரிக்கும் பருவத்தை எட்டிவிடும். கருக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஆண்டுக்கு இருமுறை ஈனலாம். ஓர் ஈற்றுக்கு ஐந்து குட்டிகள் என்று கொண்டால் ஆண்டுக்குப் பத்து. அவற்றில் பாதி பெண் என்றால், மறு ஆண்டில் எத்தனை? நான்காம் ஆண்டு மாணவரே பெருக்கிச் சொல்லிவிடுவார். எந்தக் காப்பகத்தால் இந்தப் பெருக்கத்திற்கு ஈடுகொடுக்க முடியும்?

தாய்த் தமிழகத்தின் பட்டறிவும் இதையே சொல்கிறது. சென்னையில் 1959இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, நாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை 1964 முதல் வலியுறுத்தி வந்தது. சென்னை மாநகராட்சி அதனை ஏற்று நடைமுறைப்படுத்தத் தொடங்கியது 1996இல்தான். இடையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. 2025 ஆகஸ்டு 11இல் இந்திய உச்ச நீதிமன்றம் டில்லி வட்டாரத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டது. அத்தனை நாய்களுக்கும் காப்பகம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. ஆகஸ்டு 22இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அவ்வாணையை மாற்றி, நோயுற்றவையும் மூர்க்கமாகத் தாக்குபவையும் நீங்கலாக மற்றவற்றைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பின் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. பின்னர் நவம்பர் 7இல் பள்ளி, மருத்துவமனை போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் சேர்க்குமாறு அந்நீதிமன்றம் பணித்தது. அத்தனை பெரிய நாட்டின் உச்ச நீதிமன்றமே மூன்று மாதத்தில் இத்தனை முறை இதனை ஆராய வேண்டியிருந்தது என்றால், காப்பகம் கட்டினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் எப்படி எண்ண முடியும்?

எனவே, காப்பகத்து நாய்களுக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி, அங்கே இன்னொரு நாயைச் சேர்க்காமல் இருப்பதே. வீட்டு நாய்க்குக் கருத்தடை செய்யுங்கள், தடுப்பூசி போடுங்கள், மாநகர் மன்றத்தில் உரிமம் எடுங்கள். தீபாவளி வாரத்தில் வெடியோசைக்கு அஞ்சி வேலி தாண்டி ஓடி வழிதவறும் நாய்கள் பல. அந்த நாள்களில் நாயை வீட்டினுள் வைத்து, கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண்ணை எழுதிவிடுவது எவராலும் இயலும். பிள்ளையின் பிறந்தநாளுக்கு நாய்க்குட்டி வாங்கிக் கொடுக்கும் எண்ணமிருந்தால், அது பத்துப் பன்னிரண்டு ஆண்டுப் பொறுப்பு என்பதை முதலில் எண்ணுங்கள். அதன் பிறகும் விருப்பம் மாறவில்லையெனில் கடைக்குப் போகாமல் காப்பகத்திலிருந்து தத்தெடுங்கள்.

தற்காலிக வளர்ப்பு

தத்தெடுக்க வசதியில்லாதவர்கள் செய்யக்கூடியது தற்காலிக வளர்ப்பு. சில நாளோ சில வாரமோ ஒரு நாயை நம் வீட்டில் வைத்திருந்து, பின் காப்பகத்திடமோ புதிய உரிமையாளரிடமோ ஒப்படைப்பது. நம்மவர்களிடையே இது இன்னும் பரவலாக அறியப்படவில்லை.

இதன் பயன் மிகப் பெரிது. நாய்க்குட்டி மூன்றாம் வாரம் தொடங்கி மூன்று மாதம் வரை காணும் மனிதர்களையும் ஓசைகளையும் பொறுத்தே அதன் குணம் அமைகிறது. அந்த வாரங்களைக் கூண்டில் கழிக்கும் குட்டி மனிதரைக் கண்டு அஞ்சி வளரும். அஞ்சும் நாயை எவரும் தத்தெடுப்பதில்லை. மேலும், தடுப்பூசி முழுமை பெறாத குட்டிகளிடையே பார்வோ நச்சுயிரி பரவினால் ஓர் ஈற்றுக் குட்டிகள் அனைத்துமே மடிந்துவிடக்கூடும். நெரிசலான காப்பகத்திலிருந்து அவற்றைப் பிரித்து வைக்க ஒரு வீடு கிடைப்பது உயிர் காக்கும் உதவியாகும்.

வளர்ந்த நாய்களுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவின் ஐந்து காப்பகங்களில் 207 நாய்களை வைத்து நடத்தப்பட்ட ஆய்வொன்று 2019இல் வெளிவந்தது. ஓரிரு இரவுகள் ஒரு வீட்டில் தங்கிய காலத்தில் அந்நாய்களின் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசோல் சுரப்பு குறைந்திருந்தது. திரும்பி வந்தபின் அது பழைய அளவை அடைந்ததேயன்றி அதைவிட மோசமாகவில்லை. 'சில நாள் வைத்திருந்து திருப்பி அனுப்பினால் நாய் ஏங்கிவிடுமே' என்று தயங்குவோருக்கு இது நல்ல விடை. தற்காலிகமாக வீடுகளில் தங்கி வந்த நாய்கள் தத்தெடுக்கப்படும் வாய்ப்பு பன்மடங்கு உயர்வதாக 2023இல் வெளிவந்த மற்றோர் ஆய்வும் காட்டுகிறது. நாயோடு பழகியவர் நால்வரிடம் அதன் குணத்தைப் பற்றிப் பேசுகிறார், படமெடுத்து அனுப்புகிறார். அதுவே அந்த நாய்க்கு வாழ்வு தருகிறது.

பள்ளி விடுமுறைக் காலம் ஆசிரியர் குடும்பங்களுக்கு இதற்கு ஏற்ற காலம். ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். எத்தனை நாய் வளர்க்கலாம், அடுக்குமாடி வீட்டில் வளர்க்க இசைவு உண்டா என்பவற்றைப் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்திலோ செபராங் பிறை மாநகர் மன்றத்திலோ கேட்டறிந்த பின்னரே நாயை அழைத்து வரவேண்டும். மருத்துவச் செலவு யாருடையது, எத்தனை நாள் என்பதையும் காப்பகத்தோடு முன்கூட்டியே பேசித் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று.

நேரமும் ஒரு கொடையே

வீட்டில் இடமில்லாதவர்கள் நேரத்தைக் கொடுக்கலாம். காப்பகத்தில் நாளும் கூண்டு கழுவவேண்டும், உணவு வைக்கவேண்டும், நாய்களைக் குளிப்பாட்டி உண்ணி எடுக்கவேண்டும், நடக்க அழைத்துச் செல்லவேண்டும். கணக்கெழுதவும் படமெடுக்கவும் மொழிபெயர்க்கவும் ஆள் தேவை. தத்தெடுப்பு அறிவிப்புகளைத் தமிழில் எழுதிக் கொடுப்பதே நம்மால் இயலும் நல்ல பணி. இவ்வறிவிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சீனத்திலுமே வருவதால் நம் பெற்றோரில் பலரை எட்டுவதில்லை.

மாணவர்களுக்குப் பொருத்தமான ஒரு பணியையும் குறிப்பிட விரும்புகிறேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1999இல், பயிற்சி பெற்ற நாய்களுக்குப் பிள்ளைகள் கதை வாசித்துக் காட்டும் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் மிசௌரி மாநிலத்துக் காப்பகம் ஒன்று, கூச்சமும் அச்சமும் கொண்ட நாய்களின் கூண்டுக்கு வெளியே பிள்ளைகளை அமரவைத்து வாசிக்கச் செய்தது. நாய் மெல்ல முன்வந்து கம்பியருகே படுத்துக் கேட்கப் பழகியது. பிள்ளைகளும் தயக்கமின்றி உரக்க வாசிக்கப் பழகினர்.

இதனை நம் வாசிப்புத் திட்டத்தில் சேர்த்தால் என்ன? வகுப்பில் எழுந்து வாசிக்க அஞ்சும் மாணவர்கள் நம்மிடம் உண்டு. ழகரம் பிறழ்ந்தாலும் நாய் சிரிக்காது, திக்கினாலும் அவசரப்படுத்தாது. கூண்டுக்கு வெளியே அமர்ந்து வாசிப்பதால் கடிபடும் அச்சமும் இல்லை. காப்பகத்தின் இசைவு, தலைமையாசிரியரின் ஒப்புதல், பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம், உடன் வரும் பெரியவர் ஆகிய நான்கும் அமைந்தால் ஒரு சனிக்கிழமைக் காலை போதும். நன்னெறிப் பாடத்தில் நாம் நடத்தும் நன்மனம், கடமையுணர்வு, அன்புடைமை ஆகியவற்றை அந்தக் காலைப்பொழுதில் பிள்ளை தானே உணர்ந்துகொள்ளும்.

செல்லும் முன் பாதுகாப்பு விதிகளையும் கற்பிக்கவேண்டும். தெரியாத நாயை நேருக்கு நேர் உற்றுப் பார்க்கக்கூடாது, ஓடக்கூடாது, உண்ணும்போதோ உறங்கும்போதோ தொடக்கூடாது. கடிபட்டாலோ கீறல் பட்டாலோ சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். நாய் கடித்ததை வீட்டில் மறைக்கக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லவேண்டும். ஏச்சுக்கு அஞ்சி மறைக்கும் பிள்ளையே பெரும் ஆபத்தில் இருக்கிறது.

நன்கொடை கொடுப்பது எப்படி?

பண்டிகை நாளில் அரிசி மூட்டைகளோடு சென்று படமெடுத்துத் திரும்புவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அதனைக் குறைகூறவில்லை. ஆயினும் நாய் நாள்தோறும் உண்ணும். மாதந்தோறும் தவறாமல் வரும் 10 ரிங்கிட், ஆண்டுக்கொரு முறை வரும் 100 ரிங்கிட்டைவிடக் காப்பகத்திற்குப் பயனுடையது. அதை நம்பித் திட்டமிடலாம். உணவைவிட மருத்துவமே பெருஞ்செலவு. கருத்தடை, தடுப்பூசி, உண்ணியால் வரும் காய்ச்சல், கொசுவால் பரவும் இதயப்புழு நோய் என்று பட்டியல் நீளும். ஆகவே ஒரு வகுப்பு சேர்ந்து ஒரு நாயின் கருத்தடைச் செலவை ஏற்பது மிகச் சிறந்த கொடை.

பணமில்லாதோர் பொருளாகக் கொடுக்கலாம். பழைய நாளிதழ், துவாலை, போர்வை, தரை கழுவும் மருந்து ஆகியவை எப்போதும் தேவைப்படுபவை. விருந்தில் மிஞ்சியதைக் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். வெங்காயமும் சாக்லெட்டும் உலர்திராட்சையும் நாய்க்கு நஞ்சு. சமைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். கேசரியும் குழம்பும் நமக்கு விருந்து, அதற்கு நோய். மேலும், பதிவு பெற்ற அமைப்பா, கணக்குக் காட்டுகிறதா என்று பார்த்துக் கொடுப்பது கொடுப்பவரின் உரிமை. நேரில் ஒருமுறை சென்று பார்ப்பதே சிறந்த தணிக்கை.

இரண்டு மறுப்புகள்

முதலாவது, 'நம் இனத்தில் ஏழைப் பிள்ளைகள் இருக்கையில் நாய்க்குச் செய்யவேண்டுமா?' என்பது. இக்கேள்வியை நான் மதிக்கிறேன். ஏழைப் பிள்ளைக்குரியதை எடுத்து நாய்க்குக் கொடுக்கச் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமையும் பழைய துவாலையும் எந்தப் பிள்ளையின் உணவையும் குறைப்பதில்லை. வாய்பேச இயலாத உயிரின் பசியை உணரப் பழகிய பிள்ளை, பக்கத்து நாற்காலியில் பசித்திருக்கும் நண்பனை உணரத் தவறாது. எல்லா உயிரையும் தம்முயிர்போல் எண்ணச் சொன்ன வள்ளலார் வழி வந்தவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

இரண்டாவது, அண்டை அயலாரின் உணர்வு. நம் நாட்டு முஸ்லிம் அன்பர்கள் ஷாஃபி நெறியைப் பின்பற்றுபவர்கள். நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழுமுறை கழுவுவதும், அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவுவதும் அவர்களின் கடமை. 2014 அக்டோபரில் சிலாங்கூரில் நாயைத் தொட்டுப் பழகும் நிகழ்ச்சி ஒன்று நடந்தபோது எழுந்த சர்ச்சையை நாம் மறக்கவில்லை. பிறர் சமய நெறியை மதித்து, நாயைக் கட்டி வைத்து, கழிவை அகற்றி, குரைப்பைக் கட்டுப்படுத்தி வளர்ப்பதே அறிவுடைமை. பொறுப்பற்று வளர்ப்பவரால்தான் அயலார் வெறுப்பும் புகாரும் எழுகின்றன; அதன் விலையைக் கொடுப்பதோ நாய்.

நாம் செய்யத்தக்கது

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஆண்டுக்கு மூன்று பணிகளை ஏற்கலாம். ஒன்று, ஒரு நாயின் கருத்தடைச் செலவு. இரண்டு, தவணைக்கு ஒருமுறை காப்பகத்தில் வாசிப்புக் காலை. மூன்று, விடுமுறையில் தற்காலிக வளர்ப்புக்கு முன்வரும் ஒரு குடும்பம். 28 பள்ளிகளும் செய்தால் 28 கருத்தடை, 28 வீடுகள். பெரிய எண்ணிக்கையன்று, ஆனால் மேலே போட்ட பெருக்கல் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், எத்தனை குட்டிகள் தெருவில் பிறக்காமல் தடுக்கப்படுகின்றன என்பது விளங்கும்.

வரும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எவரேனும் ஒருவர் இதனைப் பேச்சில் எடுத்தால் போதும். தொடங்குவதற்கு மிகுந்த பொருளோ ஆள்பலமோ தேவையில்லை. உங்கள் பள்ளியில் இத்தகைய முயற்சி ஏற்கெனவே நடைபெற்றிருந்தால் அறியத் தாருங்கள். மற்றப் பள்ளிகளுக்கு அது வழிகாட்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.

அன்புடன்,
தமிழ்ப்பள்ளி ஆசிரியர், பினாங்கு